கயிறும் பிராணவாயுவும்

கெடாவின் கூலிம், சுங்கைப்பட்டாணித் தோட்டங்களில், விடியுமுன் பால்மரம் சீவப்போன தொழிலாளியின் பாதத்தை, சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் மலாயா விரியன் தீண்டிவிட்டால், தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் வருமுன் உடனிருந்தோர் தலைத்துண்டையோ சணற்கயிற்றையோ முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுவது வழக்கமாயிருந்தது. அன்பினால் கட்டிய கட்டுத்தான். ஆயினும் நெடுநேரம் அவிழாதிருந்தால், ரத்தமின்றிக் கால் நீலம்பாரித்துவிடும். அவிழ்த்தபின் பாய்ந்துவரும் ரத்தத்தின் பிராணவாயுவே உக்கிரமான அணுக்கூட்டங்களாய் மாறித் தசையைச் சிதைக்கக்கூடும் என்பது 1980களில்தான் தெளிவாயிற்று.

அதற்கு முன்பே, பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், வட மலாயாவில் இவ்விரியனிடம் கடியுண்டவர்களைப் பொறுமையோடு ஆராய்ந்தார். சோதனைக்குழாயில் ஊற்றிய ரத்தம் உறையவேயில்லை. எனினும் அவர்களிற் பெரும்பாலோர் பிழைத்தெழுந்தனர்! அந்த விஷத்திலிருந்தே ரத்தக்கட்டியைத் தடுக்கும் ‘ஆர்வின்’ என்ற மருந்து பிறந்ததை, தோட்டத் தொழிலாளர் தேகத்தால் வைத்திய உலகுக்கு அளித்த கொடையென்றே நான் கருதுகிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் போரெமா 1956-ல் அறுவைச் சிகிச்சைக்குத் துணையாக எடுத்துரைத்த, காற்றழுத்தம் மிகுந்த அறையோ, கயிறு இறுகிய காலைப்போலவே ரத்தமிழந்து தவிக்கும் நசுங்கிய கால்களுக்கும் இன்று பயன்படுகிறது. மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் தூய பிராணவாயு, ரத்தம் திரும்பியபின் நேரும் சிதைவில் பங்குகொள்ளும் வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவதைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டின. சிதைத்த வாயுவே, அளவறிந்து அளித்தால், அச்சிதைவைத் தணிக்கவும் முற்படுகிறது.