பில் போட்ட நாளும் பணம் வந்த நாளும்

இன்று கொஞ்சம் வரலாறு. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கோயிலில் காணிக்கை போடும் பெட்டியை உண்டியல் என்கிறோம். பழைய வணிகர்களிடம் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இத்தனை நாள் கழித்து இன்னாருக்கு இவ்வளவு பணம் தரவேண்டும் என்று எழுதிய சீட்டுதான் அது. வடக்கே ஹுண்டி என்பார்கள். சரக்கு இன்று போய்விடும், பணம் பிறகுதான் வரும். அதுவரை காத்திருக்க முடியாதவர் சீட்டை லேவாதேவிக்காரரிடம் கொடுத்து, வட்டி போக மீதியை வாங்கிக்கொள்வார். நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்தத் தொழிலை பர்மா, மலேயா வரை நடத்தினார்கள். இன்று வங்கியில் பில் டிஸ்கவுண்டிங் என்பதும் இதே கணக்குதான்.

நம் பகுதிக்கு வருவோம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக எம்.ஆர்.எஃப். தொடங்கியது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. பெரிய ஆலைகள் வந்ததும் லேத் பட்டறை, பிரஸ் ஷாப், ரப்பர் பட்டறை என்று சின்னத் தொழில்கள் பெருகின. உங்களில் பலருடைய அப்பாக்கள் அங்கேதான் கையில் கிரீஸோடு நின்றார்கள்.

இயந்திரம் வாங்கக் கடன் கொடுக்க, 1949இல் தொடங்கிய தொழில் முதலீட்டுக் கழகம் (இன்றைய டி.ஐ.ஐ.சி.) இருந்தது. ஆனால் பில் போட்ட நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவில் என்ன செய்வது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு, லாபம் 20,000. பணம் வர மூன்று மாதம். அந்த 2 லட்சத்தை மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால் வட்டி மட்டும் 18,000. மிஞ்சுவது 2,000! வேலை செய்தவர் ஒருவர், சம்பாதித்தவர் வேறொருவர். வீட்டுப் பெண்களின் நகை அடகுக்கடைக்குப் போன கதைகள் இப்படித்தான் பிறந்தன.

1970இல் ரிசர்வ் வங்கி புதிய பில் சந்தைத் திட்டம் கொண்டுவந்தது. பெரிதாக வேரூன்றவில்லை. பில்லை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் குறித்த நாளில் பணம் கட்டியாக வேண்டும், அந்தக் கட்டுப்பாட்டை வாங்குவோர் விரும்பவில்லை. 1993இல் தாமதத்துக்கு வட்டி தரவேண்டும் என்ற சட்டம். அதன் இடத்தில் வந்தது 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம்: ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கூடாது, மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. புகார் கேட்க மன்றமும் உண்டு. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் கிடைக்குமா? அந்தப் பயம்தான் சட்டத்தைக் காகிதத்திலேயே வைத்திருக்கிறது.

2017 முதல் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளங்கள் வந்துவிட்டன. வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் போட்டிபோட்டு வட்டி கேட்கும், குறைந்த வட்டியை நாம் தேர்ந்தெடுக்கலாம். வாங்குபவர் பிறகு கட்டாவிட்டாலும் வங்கி நம்மிடம் திரும்பி வராது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இதில் பதிவு செய்வது இப்போது கட்டாயம். பதிவுதான் கட்டாயம், ஒவ்வொரு பில்லையும் ஏற்றுவது அல்ல என்பதையும் மறவாதீர்கள்.

மானியமும் இப்படித்தான். பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் மானியத் தொகை கைக்கு வராது, மூன்று ஆண்டு வைப்புத்தொகையாக வங்கியிலேயே இருக்கும். அது வரும் என்று நம்பி மீட்டர் வட்டிக்குக் கைநீட்டாதீர்கள்.

பட்டறை நடத்தும் பிள்ளைகளே, உத்யம் பதிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உங்கள் பில் எத்தனை நாளில் பணமாகிறது? கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். நலமாக இருங்கள்.