கலிப்பொலித் தரையிறக்கமும் கடற்படை மாலுமிகளும்

போர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தளபதிகளின் திட்டங்களையே விரித்துரைப்பர். திட்டம் தவறியவிடத்து அதனைத் தம் உடலால் தாங்கி நின்ற மாலுமிகளின் கதை ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். 1915ஆம் ஆண்டு ஏப்பிரில் 25ஆம் நாள் கலிப்பொலித் தீபகற்பத்தின் தென்முனையில் நிகழ்ந்த தரையிறக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

டாடனெல்ஸ் நீரிணையைக் கப்பல்களால் மட்டுமே ஊடறுத்துச் செல்ல, பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் முயன்று, மூன்று போர்க்கப்பல்களை இழந்தனர். அதன் பின்னரே தரைப்படையை இறக்கத் துணிந்தனர். இடையிற் கழிந்த ஐந்து வாரங்கள், துருக்கியர் அகழிகள் தோண்டவும் முட்கம்பி வேலிகள் அமைக்கவும் போதியனவாயின.

செத்துல்பகிர்க் கோட்டையை அடுத்த சிறு கரையில் இறங்குதற்கு, ‘றிவர் கிளைட்’ என்னும் நிலக்கரிக் கப்பல் தெரிந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 வீரரை அதனுள் மறைத்துக் கொணர்ந்து, கப்பலை வேண்டுமென்றே தரைதட்டச் செய்வதும், அதன் பக்கங்களில் வெட்டிய வாயில்கள் வழியே வீரரை வெளியேற்றுவதுமே திட்டம். இதனை வகுத்தவர் கப்பற்றலைவர் எட்வேட் அன்வின். நீரிணைக்கு அப்பால் பண்டைய திரோய் நகர் இருந்தமையால், மரக்குதிரையின் கதை பலர் நினைவுக்கும் வந்தது.

வைகறையில் ‘அல்பியன்’ போர்க்கப்பலின் பீரங்கிகள் முழங்கின. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கரை புகையிலும் புழுதியிலும் மறைந்தது. கடலிலிருந்து நோக்கியோர் அங்கு உயிரெதுவும் எஞ்சியிராதெனக் கருதியிருப்பின் அதில் வியப்பில்லை. ஆயினும் கப்பற் பீரங்கிகளின் குண்டுகள் தாழ்வாகவும் நேராகவும் பாய்வன. மேலிருந்து அகழிக்குள் விழுவன அல்ல. துருக்கியரிற் பலர் உயிர்தப்பி, தோணிகள் கரையை நெருங்கும்வரை அமைதி காத்தனர். பின்னர் தொடங்கிய வேட்டுக்களால், துடுப்பு வலித்த மாலுமிகளும் அவர்கள் ஏற்றிவந்த டப்ளின் படைவீரரும் தோணிகளிலேயே மடிந்தனர்.

காலை 6 மணி 20 நிமிடமளவில் றிவர் கிளைட் தரைதட்டியது. கப்பலுக்கும் கரைக்குமிடையே பாலமாக அமைதற்குரிய நீராவிப் படகு ஒருபுறம் விலகிச் சென்றது. அது கண்ட அன்வின் நீரிற் குதித்தார். வில்லியம் வில்லியம்ஸ் என்னும் மாலுமியும் உடன் குதித்தார். ஒருவருக்கு வயது 51, மற்றவருக்கு 34. இருவரும் பாரப்படகுகளைக் கரைப்பாறையை நோக்கி இழுத்தனர். கயிற்றைக் கட்டுதற்கு எதுவும் இன்மையால், மார்பளவு நீரில் நின்று, குண்டுமாரிக்கிடையே தம் கைகளாலேயே அதைப் பற்றிநின்றனர். அவ்வாறு அமைந்த பாலத்தின் மீதே வீரர் ஓடிச்சென்று வீழ்ந்தனர். வில்லியம்ஸ் படுகாயமுற்றபோது, அன்வின் கயிற்றை விடுத்து அவரைத் தாங்கினார். படகுகள் மீண்டும் விலகின, வில்லியம்ஸும் உயிர்நீத்தார்.

ஏறத்தாழ ஆயிரவர் இருளும்வரை கப்பலினுள்ளேயே தங்க நேர்ந்தது. கிராமமும் கோட்டையும் மறுநாளே வீழ்ந்தன. எனினும் 1916 சனவரியில் ஹெலஸ் முனையிலிருந்து அப்படையினர் முற்றாக விலகினர். அக்கரையிற் காட்டிய வீரத்துக்காகக் கடற்படையினர் அறுவர் விக்ரோறியாச் சிலுவை பெற்றனர். வில்லியம்ஸுக்கு அது இறந்தபின் வழங்கப்பட்டது. அவர்தம் தீரம் போற்றுதற்குரியதே. ஆனால் அத்தீரத்தைப் போற்றுமளவில் நின்றுவிடுதல் வரலாற்று மாணவனுக்குப் போதாது. ஒரு மணி நேரப் பீரங்கி முழக்கத்தைப் போதுமென நம்பிய பிழையின் விலை யாரால் செலுத்தப்பட்டது என்பதனையும் அவன் ஆராய்தல் வேண்டும்.