முப்பது என்று காட்டிய முள்

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் ஆனி மாதத்தில் அந்தச் சாலையில் நான் விழுந்தேன். தென்மேற்குக் காற்று மணலை அள்ளி வந்து சாலையின்மேல் மெல்லிய விரிப்பாகப் போட்டிருந்தது. முன்சக்கரம் அதில் ஏறியதும் வண்டி என் கையில் இல்லை. எனக்குச் சிராய்ப்புதான். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. மறுநாள் காலை ராமநாதபுரத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். முன் டயரை அமுக்கிப் பார்த்தவர், தன் பையிலிருந்து ஒரு கேஜை எடுத்து வைத்தார்.

“அண்ணே, நாப்பத்திரண்டு இருக்கு. கல்லு மாதிரி இருக்கே, யாருண்ணே அடிச்சது?”

முந்தைய நாள் காலை வழியில் ஒரு கடையில் நான் அடித்த காற்று அது. கடைக்காரரின் கேஜில் முள் முப்பதில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். என் வண்டிக்கு முன்னால் 25 போதும். தூரம் போகிறோமே என்று முப்பது கேட்டது என் தப்பு. முப்பது என்று காட்டிவிட்டு நாற்பத்திரண்டை நிரப்பியது அந்த முள்ளின் தப்பு. விழுந்ததற்கு மணல்தான் முதல் காரணம். ஆனால் இறுகிய டயர் தரையைத் தொடுகிற இடம் சின்னது. பிடிப்பு கொஞ்சமாக இருக்கும் இடத்தில் நான் அதையும் குறைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

காற்றை எண்ணில் சொல்லும் பழக்கம் ரொம்பப் பழையதல்ல. 1640களில் இத்தாலியில் தொரிச்செல்லி பாதரசக் குழாயை வைத்து, நம்மைச் சுற்றியிருக்கும் காற்றுக்கே எடை உண்டு என்று காட்டினார். அந்தக் கருவியின் வழிவந்ததுதான் வானிலைக்காரர்களின் பாரமானி. நம் கடற்கரையில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்ற சொல் பாம்பனில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் படகுகள் கரையில் நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவில் ஒரு பாசஞ்சர் ரயிலையும் தனுஷ்கோடி ஊரையும் கடல் கொண்டுபோன பிறகு, அந்த எண்ணை இங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அடைத்து வைத்த அழுத்தத்தை அளக்கும் வழி 1849இல் வந்தது. பிரான்சில் யூஜின் பூர்தோன் என்பவர், தட்டையாக்கி வளைத்த ஒரு உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும் என்பதைக் கவனித்தார். குழாயின் நுனியில் ஒரு முள்ளைப் பொருத்தினால் அளவி தயார். நீராவி பாய்லர் வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. என்ஜின்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டன. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, போட் மெயில் தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்கும் போனபோது, அந்த என்ஜின்களை ஓட்டியவர்கள் இப்படிப்பட்ட முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டினார்கள். முள்ளை நம்பாமல் பாய்லருக்கு முன்னால் நிற்க முடியாது.

டயருக்குள் காற்று வந்த கதை வேறு. 1845இல் ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கியும் அது நிலைக்கவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் மாட்டு வைத்தியர் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி கண்டுபிடித்தார். நியூயார்க்கின் ஷ்ரேடர் கம்பெனி 1890களில் செய்த வால்வுதான் இன்றும் நம் பைக்கில் இருக்கிறது. அதே கம்பெனி 1909 வாக்கில் பேனா போன்ற ஒரு கேஜையும் கொண்டுவந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் எண் போட்ட குச்சி, அவ்வளவுதான்.

ஆனால் ரோட்டில் அந்த மரியாதை வரவில்லை. டயர் வெடித்தால் பாய்லர் மாதிரி ஊர் கூடுவதில்லை. உச்சிப்புளிப் பக்கம் ஒரு பஞ்சர் கடைப் பெரியவர் என்னிடம், “கேஜ் எதுக்குத் தம்பி, கட்டைவிரல் சொல்லிரும்” என்றார். சைக்கிள் காலத்தில் அந்த விரல் போதும். இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

மணலில் ஓட்டியவர்கள் இதை முன்பே கற்றார்கள். 1920களின் கடைசியிலும் முப்பதுகளிலும் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டிய ரால்ஃப் பாக்னோல்டும் நண்பர்களும் டயரில் காற்றைக் குறைத்து மணலைக் கடந்தார்கள். கணக்கு எளிது. சக்கரத்தின்மேல் 120 கிலோ சுமை, டயரில் 30 பவுண்டு அழுத்தம் என்றால் தரையைத் தொடும் இடம் சுமார் 57 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் பாதியானால் இடம் இரட்டிப்பு. அதற்காகத் தார்ச்சாலையில் காற்றைக் குறைத்து ஓட்டக்கூடாது. டயர் சூடேறிக் கெடும். கம்பெனி சொன்ன அளவுதான் சரி. அதைத் தெரிந்துகொள்ள முள் உண்மை பேச வேண்டும்.

ஆகவே கேஜ் வாங்கப் போகிறவருக்கு என் அனுபவம். பைக்குக்கு 60 வரை காட்டும் கேஜ் போதும். வட்ட முகப்புக் கேஜின் பிழையை அதன் முழு அளவில் இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். இரண்டு சதவீதம் என்றால், 160 வரை காட்டும் கேஜில் மூன்றுக்கு மேல் தப்பலாம், 60இல் ஒன்றேகால்தான். தலை வளைந்ததாக இருக்கட்டும். ஆரக்கம்பிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நேர்த்தலை நுழையாது. கூடுதல் காற்றை விட ஒரு பொத்தான் இருந்தால் நல்லது. டிஜிட்டல் படிக்கச் சுலபம். ஆனால் நம் உப்புக்காற்று பேட்டரி முனைகளைத் தின்றுவிடும். பேனா கேஜ் மலிவு. ஸ்பிரிங்கில் மணல் போனால் சிக்கும். நான் பித்தளை வால்வுத்தலை வைத்த வட்டக் கேஜை வாங்கினேன். எதை வாங்கினாலும் கீழே போடக்கூடாது. குழாய் லேசாக வளைந்தாலும் முள் பொய் சொல்லத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு நல்ல கேஜோடு ஒத்துப் பாருங்கள்.

அளப்பது காலையில், வண்டி கிளம்பும் முன். 27 டிகிரியில் 25 இருந்த டயர், ஓடி 52 டிகிரி ஆனதும் 28 காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும்.

தம்பியின் கை சேர்ந்துவிட்டது; மழைக்காலத்தில் மட்டும் வலிக்கிறது என்பான். இப்போது ராமேஸ்வரம் கிளம்பும் நாளில் வாசலிலேயே குந்தி கேஜை வைப்பவன் அவன்தான். என்னைத் தொட விடுவதில்லை. “இருபத்தஞ்சு” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் பின்சீட்டில் ஏறுவான்.