பண்டிதர் வீட்டு வீணை

ஊத்துக்குளி ஆர்.எஸ்.ஸில் ஈரோட்டுப் பக்கம் போகிற பாசஞ்சரில் ஏறினால் விஜயமங்கலம், ஈங்கூர், பெருந்துறை என்று வரிசையாக வரும். குறுப்பு நாடு என்று பழைய பேர் வழங்கிய சீமை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரின் ஊரான நிரம்பை இந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பது கொங்கு மரபு. அவரை வைத்துக் காப்பாற்றி உரை எழுத வைத்தவர் பொப்பண்ண காங்கேயர் கோன். அந்த உரையில் கானல்வரிக்கு உரிய பகுதி நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. அரங்கேற்றுகாதைக்கு எழுதியது தப்பிப் பிழைத்தது. யாழ், குழல், பாலை என்று பழந்தமிழ் இசையின் கணக்குவழக்கு அங்கேதான் கிடக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1892-இல் அதை அச்சேற்றினார்.

நம் பக்கத்து உரைகாரர் விட்டுப்போன அந்தக் கணக்கைத் தஞ்சாவூரில் ஒரு வீடே சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தது. இந்த வாரம் அந்த வீட்டைப் பற்றித்தான்.

வீட்டுக்காரர் ஆபிரகாம் பண்டிதர். 1859 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி படித்தார். வயலின் கற்றுக்கொண்டதும் அங்கேதான். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. இருவரும் தஞ்சாவூருக்கு வந்து பள்ளியில் வேலை பார்த்தார்கள். பிறகு பண்டிதர் பள்ளியை விட்டுவிட்டு முழுநேரச் சித்த வைத்தியரானார். அவருடைய ‘கருணானந்தர் சஞ்சீவி’ மருந்துகள் ஊர் ஊராகப் போயின. இசைக்கு அவர் கொட்டிய பணமெல்லாம் அந்த மருந்துக் காசுதான். ஜமீனோ அரண்மனையோ பின்னால் இல்லை.

மருந்துக்கு ஏன் அந்தப் பேர்? சுருளி மலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மூலிகை வைத்தியம் கற்றவர் அவர். மருந்துக்குக் குருவின் பேர். தஞ்சைக்கு வெளியே போட்ட தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பேர். எழுதிய பெரிய நூலுக்கும் அதே பேரை ஒட்டிக் ‘கருணாமிர்த சாகரம்’. கடைசிவரை ஏசுவைத் தொழுத மனிதர், மலைமேல் இருந்த ஒரு சாமியாரை இப்படி வாழ்நாள் முழுக்கத் தலையில் வைத்துக் கொண்டாடினார். தம் விசுவாசத்துக்கு அதனால் எந்தக் குறையும் வந்ததாக அவர் நினைக்கவில்லை. குருவுக்குச் செய்வதைக் குருவுக்குச் செய்தார், தேவனுக்குப் பாடுவதைத் தேவனுக்குப் பாடினார். நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டில் இப்படி ஒரு வீடு இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

அவர் பாடல்களும் அப்படித்தான். 96 பாடல்கள் சேர்ந்த திரட்டு ஒன்று 1907-இல் வந்தது. ராகமும் தாளமும் கர்நாடக சங்கீதம்; சாகித்யம் தமிழ்; பொருள் கிறிஸ்தவ பக்தி. சங்கீதம் படிக்கிறவருக்கு முதல் பாடத்திலிருந்தே புரிகிற மொழியில் பாட்டு வேண்டும் என்பது அவர் எண்ணம். தெலுங்குக் கீர்த்தனையே மேடையை ஆண்ட காலம் அது. தமிழிசை மாநாடுகள் நடக்க இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடுவது ஓர் இயக்கமாகத் தெரிந்திருக்காது. அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டு, அவ்வளவுதான்.

1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். சொந்தச் செலவில் வித்வான்களை வரவழைத்து, அடுத்தடுத்து மாநாடுகள் கூட்டினார். சென்னை மியூசிக் அகாடமி வந்தது 1928-இல். அதற்கு 16 வருஷம் முன்பே, ஒரு வைத்தியர் தம் செலவில் இதைச் செய்துவிட்டார்.

அந்த மாநாடுகளில் நடந்த வாதம் சுருதியைப் பற்றியது. ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதிகள் என்பது சாரங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ வழிவந்த கணக்கு. பண்டிதர் இல்லை என்றார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் கையில் வைத்துக்கொண்டு, ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று படிப்படியாகக் காட்டினார். ஸ்தாயி சம பங்காகப் பிரிய வேண்டும். 22 என்றால் பிரியாது என்பது அவர் கட்சி.

இதை வீணையில் பார்த்தால் சட்டென்று பிடிபடும். வீணையில் 24 மெட்டுகள். மெழுகில் பதித்த பித்தளை மெட்டுகள். இரண்டு ஸ்தாயிக்கு, ஸ்தாயிக்கு 12 வீதம். ‘ச’வில் தொடங்கி ஐந்தாம் சுரமான ‘ப’வுக்குப் போங்கள். அந்த ‘ப’வையே ‘ச’வாக வைத்துக்கொண்டு அதன் ‘ப’வுக்குப் போங்கள். இப்படிப் பன்னிரண்டு முறை போனால் பன்னிரண்டு சுரத்தையும் தொட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். சுத்தமான விகிதத்தில் போட்டால் கடைசியில் ஒரு துளி மிஞ்சும். அந்தத் துளியை என்ன செய்வது என்பதுதான் உலகம் முழுக்க இசைக் கணக்கர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம். பண்டிதர் அதைப் பன்னிரண்டு இடத்துக்கும் சமமாகப் பங்கிட்டார். இரண்டு மெட்டுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் நுண்சுரத்துக்கு மெட்டு கிடையாது. இடது கை விரலால் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து அந்தச் சுரத்தை எழுப்ப வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பது காதும் விரலும் சேர்ந்து பல வருஷம் பழகினால்தான் வரும். பண்டிதர் காகிதத்தில் எண்ணைப் போட்டார். அந்த எண்ணை ஒலியாகக் கேட்கவைத்த விரல்கள் அவருடைய பெண்களுடையவை.

1916-இல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு. மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் நடந்தது. இசை ஆராய்ச்சியாளர் பாத்கண்டே முன்னின்று நடத்தினார். பண்டிதர் அங்கே தம் கட்சியை எடுத்துவைத்தார். மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் வீணையோடு மேடையேறிப் பாடியும் வாசித்தும் அப்பாவின் கணக்கை நிகழ்த்திக் காட்டினார்கள். பெண்பிள்ளைகளைச் சபையில் வாசிக்கவைக்கக் கௌரவமான குடும்பங்கள் தயங்கிய நாளில், மேற்கே அத்தனை தூரம் கூட்டிப்போய், நாட்டின் பெரிய வித்வான்கள் முன்னால் அவர்களையே சாட்சியாக நிறுத்தினார் அந்த அப்பா. அவர் செய்ததிலெல்லாம் எனக்குப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

மறுவருஷம், 1917-இல், ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நூல். பக்கம் பக்கமாக எண் அட்டவணை. வெளியே கொடுத்தால் சரிவராது என்று தம் சொந்த அச்சுக்கூடத்திலேயே அடித்தார். மின்சாரத்தில் ஓடிய லாலி அச்சகம் அது. இரண்டே வருஷத்தில், 1919 ஆகஸ்ட் 31-இல், பண்டிதர் காலமானார். வயது 60.

நூலின் இரண்டாம் பாகம் அச்சேறாமல் கிடந்தது. அதைப் பிள்ளைகள் விடவில்லை. 1946-இல் வெளிக்கொண்டுவந்தார்கள். அப்பா போய் 27 வருஷம் கழித்து! நடுவில் எத்தனை வீடு மாறியிருக்கும், எத்தனை மழைக்காலம் போயிருக்கும். அந்தக் காகிதக் கட்டைச் செல்லரிக்காமல் காத்திருக்கிறார்கள். மகன் வரகுணபாண்டியன் யாழைப் பற்றி ஆராய்ந்து ‘பாணர் கைவழி’ என்ற நூலை 1950-இல் எழுதினார். பேரன் தனபாண்டியன் நுண்ணலகுகளை ஆராய்ந்து, தாத்தாவைப் பற்றியும் எழுதினார். மூன்று தலைமுறை.

பண்டிதரின் 24 சுருதியை எல்லாரும் ஏற்கவில்லை. ‘யாழ்நூல்’ எழுதிய விபுலாநந்தரே 22 என்ற கணக்கில்தான் போனார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீராவிட்டாலும் பண்டிதர் சிறுத்துவிட மாட்டார். சிலப்பதிகாரத்தில் இசை இலக்கணம் இருக்கிறது, அதை இன்றைய வீணையில் வைத்துச் சோதிக்கலாம் என்று முதலில் இவ்வளவு விரிவாகக் காட்டியவர் அவர். ஆனால் நம் வரலாற்றாசிரியர்கள் அவரைத் தன்னந்தனியாக நின்று சாதித்த ஆராய்ச்சியாளராகவே எழுதிவருகிறார்கள். அது பாதி உண்மை. பெண்களின் விரலும் பிள்ளைகளின் காவலும் இல்லாமல் அந்த நூல் முழுசாக நமக்கு வந்திருக்காது.

பனியன் கம்பெனி ஷிப்டு முடித்து வந்து, கைகால் கழுவி, கதித்தமலை முருகனுக்குக் காவடிப் பாட்டுப் பாடிய அப்பாக்கள் நம் ஊத்துக்குளியிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்மோனியம் பிடித்தவர்கள் உண்டு. மார்கழி பஜனைக்கு முன்னால் நின்றவர்கள் உண்டு. அவர்களின் பாட்டு நோட்டுகள் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன; வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்க்காரரிடம் கிலோக் கணக்கில் போய்விடுகின்றன. இந்த வாரம் ஒருநாள் அந்தப் பெட்டியைத் திறந்துபாருங்கள். நோட்டு இருந்தால் பக்கம் விடாமல் செல்போனில் படமெடுத்து வையுங்கள். மெட்டு தெரிந்த அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யார் எழுதியது, எந்த வருஷம், எந்தக் கோயிலில் அல்லது சர்ச்சில் பாடியது என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுங்கள்.