சாலைப் பந்தயமும் ஒரு சாங்ஷன் லெட்டரும்

"இந்தப் பசங்க எப்படியும் ரேஸ் விடத்தான் போறாங்க. பேசாம அதைச் சட்டபூர்வமா ஆக்கிட்டா என்ன சார்?"

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, மலையாளத்திலும் தமிழிலுமாக இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் குறைவு. காரணம் இருக்கிறது. இந்த ஊரில் பெரும்பாலான ரோடுகள் ஏறி இறங்கி வளைந்து போகும். நேராக, அகலமாக இருப்பவை சிலதுதான். ஒன்று கவடியார் - வெள்ளயம்பலம் ராஜபாதை. இன்னொன்று கழக்கூட்டத்தில் ஆரம்பித்து கோவளம் வழியாகத் தமிழக எல்லைப் பக்கம் காரோடு வரை போகிற பைபாஸ். இரவு கொஞ்சம் ஏறிவிட்டால் கவடியார் பக்கம் சைலன்சர் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பைபாஸ்.

2022 ஜூனில் விழிஞ்ஞம் பக்கம் முக்கோலா பைபாஸில் இரண்டு பைக்குகள் மோதி இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். உடனே மோட்டார் வாகனத் துறை 'ஆப்பரேஷன் ரேஸ்' என்று பெயர் வைத்து மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தியது. 2023 ஜனவரியில் அதே கோவளம் பைபாஸில், வேகமாக வந்த ஒரு பைக் ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதியது. அவரும் போனார், ஓட்டிய பையனும் போனான். அது ரேஸா, வெறும் வேகமா என்று அப்புறம் பேசிக்கொண்டார்கள். ரோட்டைக் கடந்தவருக்கு இரண்டும் ஒன்றுதானே?

சரி, கேள்விக்கு வருவோம். சாலைப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக ஆக்கலாமா? இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சட்டத்தை எடுத்துப் படித்தால் கேள்வியே கொஞ்சம் மாறிவிடுகிறது.

பிரிவு 189

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 189. பொது இடத்தில் வண்டிகளுக்கு இடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்த அனுமதிப்பவருக்கும், அதில் கலந்துகொள்பவருக்கும் தண்டனை. முன்பு ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை போகும்.

ஆனால் அந்தப் பிரிவின் ஆரம்பத்திலேயே ஒரு சொற்றொடர் இருக்கிறது: மாநில அரசின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாமல். வெள்ளைக்காரன் காலத்து 1939 சட்டத்திலும் இதே ஏற்பாடுதான்.

பேங்க்காரன் கண்ணுக்கு இது உடனே தெரியும் :-) 'கடன் கிடையாது' என்பது வேறு, 'சாங்ஷன் இல்லாமல் கடன் கிடையாது' என்பது வேறு. நம் சட்டம் சொல்வது இரண்டாவதை. அதாவது கதவு பல வருடங்களாக இருக்கிறது. அதைத் திறக்க யாராவது கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். பந்தயத்தின் வரலாறு முழுக்கவே இந்தக் கையெழுத்தின் வரலாறுதான் என்று எனக்குப் படுகிறது.

கையெழுத்து வந்த கதை

மோட்டார் பந்தயம் பிறந்ததே பொதுச்சாலையில்தான். ஆரம்பத்தில் பிரான்சில் ஊர் விட்டு ஊர் ஓட்டினார்கள். 1903 மே 24-ஆம் தேதி பாரிஸ் - மாட்ரிட் பந்தயம் தொடங்கியது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனக்கூட்டம். வண்டிகள் கிளப்பிய புழுதியில் முன்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. ரெனோ கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ இதில்தான் இறந்தார். வேடிக்கை பார்த்தவர்களும் செத்தார்கள். போர்தோ நகரத்தோடு பந்தயத்தை பிரெஞ்சு அரசு நிறுத்திவிட்டது. கார்களைக் குதிரை பூட்டி ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் ரயிலில் திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்வார்கள்.

அதே 1903-இல் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம் அயர்லாந்தில் நடந்தது. அதற்காக பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போட்டது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ரோட்டை மூடலாம், அவ்வளவுதான். அடுத்த வருடம், தனக்கென்று சட்டமன்றம் வைத்திருக்கிற மான் தீவும் இதேபோலச் சட்டம் போட்டது. 1907-இல் அங்கே ஆரம்பித்த டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் ஊர்ச்சாலையில்தான் நடக்கிறது. இங்கிலாந்தில் அந்த வழி இல்லாததால், அதே 1907-இல் புரூக்லண்ட்ஸில் தனியாகப் பந்தயத்தடம் கட்டிக்கொண்டார்கள்.

'சட்டபூர்வமாக்கினால் பாதுகாப்பாகிவிடும்' என்று நம்புகிறவர்கள் கவனிக்க: மான் தீவின் மலைச்சாலைத் தடத்தில் இதுவரை 250 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். எல்லாம் அனுமதியோடுதான். இத்தாலியில் 1927-இல் தொடங்கிய மில்லே மில்லியா என்கிற ஆயிரம் மைல் சாலைப் பந்தயம் 1957-இல் ஒரே விபத்தோடு முடிவுக்கு வந்தது. ஓட்டுநர், கூட இருந்தவர், வேடிக்கை பார்த்த ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள்.

அனுமதி ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அனுமதி இருந்தால் யாரிடம் கேள்வி கேட்பது என்று தெரியும். கேள்வி கேட்க ஆள் இருந்ததால்தான் பந்தயம் கொஞ்சம் கொஞ்சமாக ஊரை விட்டு வெளியே போனது.

சோழவரம்

இப்போது நம்மூர். எனக்குச் சொந்த ஊர் செங்குன்றம். அங்கிருந்து வடக்கே கல்கத்தா ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்தது, விமானம் போய்விட்டது, சிமென்ட் ஓடுபாதை மிச்சம். 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில் பல வருடங்கள் ரேஸ் நடத்தியது. பந்தய நாட்களில் ஊரே அந்தப் பக்கம் கிளம்பிவிடும் என்று எங்கள் அப்பா சொல்வார். ராஜா வீட்டுப் பிள்ளைகள் இறக்குமதி வண்டியில் ஓட்டினார்கள். மெக்கானிக் ஷெட்காரர்கள் தாங்களே கழற்றி மாட்டிய வண்டியில் ஓட்டினார்கள். கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் உருவாக்கி, பணம் குறைவானவர்களும் பந்தயத்துக்கு வர வழி செய்தார்.

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாகத் தடம் கட்டியது. கோவையில் கரிவரதன் பெயரிலேயே இன்னொரு தடம் வந்தது. இந்த வரிசையில்தான் 2005-இல் கோவை நரேன் கார்த்திகேயன் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். 2010-இல் சென்னை கருண் சந்தோக். இவருடைய தாத்தா இந்து சந்தோக், அந்த மெட்ராஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர்.

கிட்டத்தட்ட இதே காலத்தில் அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. கலிஃபோர்னியாவில் பையன்கள் ராத்திரியில் தெருவில் கார் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் ஓட்டுகிறவனைத் தடத்துக்குக் கூட்டிவருவதுதான் நோக்கம். 1953-இல் பொமோனாவில் நடந்த முதல் அதிகாரபூர்வப் பந்தயத்துக்கு உள்ளூர் போலீஸே துணை நின்றது. கால் மைல் நேர்ப்பாதை, இரண்டு வண்டி, அவ்வளவுதான். போலீஸ் துரத்திப் பிடித்ததைவிட இது அதிகம் பேரைத் தெருவிலிருந்து இழுத்திருக்கும் என்பது என் கணக்கு.

மாட்டுவண்டி

சாலையில் ரேஸ் என்றதும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பந்தயம் என்றால் மாட்டுவண்டி. பெரிய மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று பிரிவு பிரிவாகப் பொதுச்சாலையில் ஓட்டுவார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து இதையும் தடை செய்தது. 2017-இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. 2023 மே மாதம் அந்தத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, அனுமதி வாங்கி ரோட்டில் பந்தயம் விடுவது நமக்குப் புதிதே இல்லை. மாட்டுக்குச் சட்டம் போட்டு நெறிப்படுத்த முடிந்த நமக்கு பைக்குக்கு முடியாதா என்ன? (பின்னாலேயே பைக்கில் கத்திக்கொண்டு போகிற கூட்டத்தை நெறிப்படுத்துவதுதான் கஷ்டம் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள்!)

தீவுத்திடலும் சிங்கப்பூரும்

சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில், நிஜமான பொதுச்சாலையில், கிராண்ட் பிரீ நடந்தது. கடைசி வருடங்களில் உயிர்ப்பலி ஏற்பட்டது. 1973-ஓடு நிறுத்தினார்கள். 35 வருடம் கழித்து 2008-இல் மெரினா பே பகுதியில், விளக்குப் போட்டு, வேலி கட்டி, இரவு ஃபார்முலா ஒன்னாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே நாட்டில் திருட்டுத்தனமாகத் தெருவில் ரேஸ் விட்டு மாட்டினால் வண்டியே பறிமுதல். இரண்டும் ஒரே அரசுதான். முரண்பாடு எதுவும் இல்லை.

சென்னை அதைத்தான் 2024-இல் செய்து பார்த்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி சுமார் 3.5 கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. அதற்கு முன் வழக்கு, உயர் நீதிமன்றம், நிபந்தனைகள். பக்கத்தில் ஓமந்தூரார் மருத்துவமனை இருக்கிறதே, தனியார் பந்தயத்துக்குப் பொதுப்பணமா என்றெல்லாம் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். முதல் நாள் சர்வதேசக் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் வர நேரமாகி, நீதிமன்றமே கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் வரும்வரை ஒரு வண்டியும் ஓடவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த காட்சி அதுதான். மந்திரி இருக்கிறார், கூட்டம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஒரு காகிதம் வரவில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இவ்வளவு ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கும். 2011-இல் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பயிற்சியிலேயே ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்துவிட்டது. திருவனந்தபுரத்துத் தெருநாய்களைத் தெரிந்தவர்கள் கோவளம் பைபாஸை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

யாரும் படிக்காத ஷரத்து

இங்கே என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டூவீலர் லோன் வாங்கும்போது இன்ஷூரன்ஸ் பாலிசியும் கையில் வரும். அதில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி. ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டமும், மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்கில் இதே காரணத்தைச் சொல்லி வாதாட இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது.

இதன் அர்த்தம் என்ன? ரேஸில் வண்டி நொறுங்கினால் அந்தப் பணம் வருவது சந்தேகம். ஆனால் தவணை நிற்காது. அப்பா கியாரண்டி கையெழுத்துப் போட்டிருந்தால் அப்பா கட்ட வேண்டும். ரோட்டோரம் நடந்துபோனவரின் குடும்பம் நஷ்ட ஈட்டுக்கு நீதிமன்றத்தில் கூடுதலாக ஒரு சண்டை போட வேண்டியிருக்கும். ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாத பையன் என்றால், 2019 திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அனுமதி பெற்ற பந்தயத்தில் ஓட்டுநருக்கும் பார்வையாளருக்கும் அதற்கென்றே தனி இன்ஷூரன்ஸ் எடுக்க முடியும். தெருவில் நடப்பதற்கு அந்த ரிஸ்க்கை எழுதிக்கொள்ள யாரும் இல்லை. எல்லா ரிஸ்க்கும் ரோட்டைக் கடக்கிறவர் தலையில்.

அப்படியென்றால்?

என் கட்சி இது. சாலைப் பந்தயத்தை 'சட்டபூர்வமாக்க' வேண்டியதில்லை. பிரிவு 189 அப்படியே இருக்கட்டும். ஆனால் அதிலுள்ள அந்த எழுத்துப்பூர்வ இசைவை, கோடிக்கணக்கில் செலவாகும் பெரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் எடுத்து வைத்திருப்பது சரியில்லை. தீவுத்திடலில் ஓடியவர்களுக்கு ஏற்கெனவே தடம் உண்டு. தவணையில் பைக் வாங்கிய கரமனைப் பையனுக்கு என்ன இருக்கிறது? கோவைத் தடத்துக்குப் போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர்.

பொமோனாவில் செய்ததைப்போல, மாதத்தில் ஒரு நாள், மூடிய நேர்ப்பாதை, ஆம்புலன்ஸ், ஹெல்மெட் சோதனை, கட்டணம், பொறுப்பேற்கும் ஒரு கிளப், அடியில் ஓர் அதிகாரியின் கையெழுத்து. இதைச் செய்துவிட்டு, அதற்கு வெளியே ஓட்டுகிறவனைப் பிடித்தால் கடுமையாகவே நடத்தலாம். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் பைக் ரேஸ் வழக்கில் ஜாமீன் கேட்ட ஓர் இளைஞரை, ஒரு மாதம் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் உதவியாளராக வேலை செய்யச் சொன்னது. அபராதத்தைவிட இது மனதில் தங்கும்.

தெருவில் ரேஸ் விடுகிற பையனைக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. சோழவரத்தில் ஓட்டியவர்களுக்கு இருந்த அதே ஆசைதான் அவனுக்கும். அவர்களுக்கு ஒரு பழைய ஓடுபாதை கிடைத்தது, இவனுக்குப் பைபாஸ் கிடைத்திருக்கிறது. பைபாஸில் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரோட்டைக் கடக்கிறார்கள்.

உங்கள் ஊரில் எப்படி? ஈசிஆர், அவிநாசி ரோடு, துபாய், சிங்கப்பூர் என்று எங்கிருந்தாலும் எழுதுங்கள். மாற்றுக்கருத்து இருந்தால் இன்னும் நல்லது.

டிஸ்கி: சட்டப்பிரிவுகளை ஒரு பி.காம். காரன் புரிந்துகொண்ட அளவில் சொல்லியிருக்கிறேன். வழக்கு என்று வந்தால் வக்கீலைப் பாருங்கள், வலைப்பதிவைப் பார்க்காதீர்கள் :-)