ஃபுல்லர்ட்டன் கட்டடமும் சிற்பி நோலியும்

ஃபுல்லர்ட்டன் கட்டடத்தைப் பற்றி எழுதச் சொன்னா, மாணவர்கள் பெரும்பாலும் மூன்று தகவல்களைத் தருவாங்க: 1928இல் திறக்கப்பட்டது, தலைமை அஞ்சலகம் அங்கே இருந்தது, 2001 முதல் ஹோட்டலாக இயங்குகிறது. மூன்றும் சரிதான். அதை அலங்கரித்த சிற்பி யார் என்றும் கேட்டுப் பாருங்க. பாடம் இன்னும் ஆழமாகப் போகும்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் இந்தக் கட்டடத்திற்கு, நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர் ராபர்ட் ஃபுல்லர்ட்டனின் பெயரை வைத்தார்கள். அஞ்சலகத்தோடு வர்த்தக சபையும் சிங்கப்பூர் கிளப்பும் இங்கேதான் இருந்தன. அதாவது, ஊரின் வணிகமும் அதிகாரமும் ஒரே கூரையின் கீழ்! அதன் முகப்புக்குப் பிரிட்டிஷ் அரசச் சின்னத்தை வடித்தவர் ரொடோல்ஃபோ நோலி என்ற இத்தாலியர்.

பாங்காக்கில் அரண்மனை மண்டப வேலை பார்த்துவிட்டு, 1921இல் நோலி சிங்கப்பூர் வந்தார். எல்ஜின் பாலத்துச் சிங்க உருவங்கள் அவர் செய்தவை. 1939இல் திறக்கப்பட்ட உச்ச நீதிமன்றத்தின் முகப்பில் உள்ள நீதி தேவதையும் அவர் கைவேலைதான். அங்குள்ள பெரிய தூண்களைப் பார்த்தால் கருங்கல் மாதிரி தெரியும். உண்மையில் அது அவர் வார்த்த செயற்கைக் கல்.

1940 ஜூனில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. நோலி ஒரே நாளில் 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார். போர்க்காலத்தில் அவரை ஆஸ்திரேலியாவில் தடுத்து வைத்தார்கள். எந்த அரசின் சின்னத்தை வடித்தாரோ, அந்த அரசுக்கே அவர் எதிரி! அந்தக் கட்டடமும் போரிலிருந்து தப்பவில்லை. 1942 பிப்ரவரியில் கிளப் இருந்த பகுதி மருத்துவமனையானது. ஆளுநர் ஷெண்டன் தாமஸும் அங்கேதான் தஞ்சம் புகுந்தார்.

ஆளுநரின் பெயர் கட்டடத்திலேயே இருக்கு. சிற்பியின் பெயரை நாமதான் தேடிச் சொல்லணும். 2015இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கட்டடத்தை வகுப்பில் பேசும்போது, இரண்டு கேள்விகளைக் கொடுத்துப் பாருங்க:

1. ஒரு கட்டடத்தின் அலங்காரம், அதைக் கட்டிய அரசைப் பற்றி என்ன சொல்கிறது?
2. ஒருவர் ஓர் ஊருக்குச் செய்த பணியைவிட, அவர் பிறந்த நாடே போர்க்காலத்தில் முக்கியமாவது ஏன்?

இரண்டாவது கேள்விக்கு ஒரே விடை வராது. விவாதிக்க விடுங்க; கருத்து விளக்கக் கட்டுரைக்கு அதுவே நல்ல பயிற்சி.