ஷாத்தோ முசார்

லெபனானில் ஹோஷார் குடும்பத்தினர் 1930 முதல் நடத்திவரும் ஒயின் ஆலை. பெய்ரூத்துக்கு வடக்கே, மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கும் கசீர் என்ற ஊரில், 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் தொடங்கப்பட்டது. அதன் திராட்சைத் தோட்டங்களோ மலைத்தொடருக்கு அப்பால், சுமார் 1000 மீட்டர் உயரத்தில், பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் பழம் லாரிகளில் மலையேறி இறங்கித்தான் ஆலைக்கு வந்து சேரும். ஆலையின் வரலாற்றில் பாதி இந்தச் சாலையின் வரலாறுதான்.

பெக்காவில் ஒயின் தயாரிப்பு மிகப் பழைய தொழில். அங்குள்ள பால்பெக்கில், ஒயின் தெய்வமான பாக்கஸின் பெயரால் அறியப்படும் உரோமானியக் கோயில் இன்றும் நிற்கிறது. நவீன காலத்தில் 1857இல் இயேசு சபைத் துறவிகள் க்சாராவில் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டினர். பிரான்சிலிருந்து திரும்பிய காஸ்தோன் ஹோஷார் முசாரைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது. நாடு பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பில் இருந்ததால் பிரெஞ்சு அதிகாரிகள் வாடிக்கையாளர்களாகக் கிடைத்தனர். பெக்கா எந்த நாட்டோடு நிலைக்கும் என்பது அன்று உறுதியாகாததால்தான் அவர் ஆலையைக் கடற்கரைப் பக்கம் அமைத்தார் என்பது குடும்பத்தார் தரும் விளக்கம். இரண்டாம் உலகப் போரின்போது லெபனானில் பணியாற்றிய, பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவின் பார்ட்டன் குடும்பத்தைச் சேர்ந்த ரொனால்ட் பார்ட்டன் காஸ்தோனின் நண்பரானார். போர்தோவுடனான உறவு அதனால் வலுப்பட்டது.

1959இல் மூத்த மகன் செர்ஜ் ஒயின் தயாரிப்பை ஏற்றார். போர்தோவில் ஒயின் அறிஞர் எமில் பெய்னோ போன்றோரிடம் படித்தவர் அவர். எனினும் போர்தோவை நகலெடுக்க அவர் விரும்பவில்லை. கபர்னே சோவினியோனுடன் சின்சோ, காரின்யான் பழங்களைச் சேர்த்துச் சிவப்பு ஒயினையும், லெபனானின் சொந்த இனங்களான ஒபைதே, மெர்வாவிலிருந்து வெள்ளை ஒயினையும் உருவாக்கினார். பழத்தோலில் இயல்பாக இருக்கும் ஈஸ்டே நொதிக்க வைக்கும். கந்தகம் மிகக் குறைவு, வடிகட்டுவதும் இல்லை. சிவப்பு ஒயின் அறுவடையிலிருந்து ஏழாண்டு கழித்தே விற்பனைக்கு வரும். அவருடைய ஒயின்களில் ஆவியாகும் அமிலம் மிகுதி என்று விமர்சகர்கள் குறை கூறினர். குறை உண்மையே. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும் அந்தச் சுவையை வழவழப்பாக்கியிருந்தால், முசார் நல்ல ஒயின்களில் இன்னொன்றாக மட்டுமே இருந்திருக்கும்.

1975இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1990 வரை நீடித்தது. போர்முனைகள் தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓடின. சோதனைச் சாவடிகளையும் குண்டுவீச்சையும் கடந்து லாரி ஓட்டியவர்கள், கொடிகளுக்கிடையே பழம் பறித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் புட்டியிலும் இல்லை. அந்த ஆண்டுகளின் ஒயின் அவர்களால்தான் உண்டானது. 1976இல் ஒயின் தயாரிக்க முடியவில்லை. 1984இல் சாலைகள் அடைபட்டு, லாரிகள் நாள்கணக்கில் சுற்றி வந்ததால் பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஒயினை வழக்கம்போல் விற்பனைக்கு விடவில்லை. ஏனைய ஆண்டுகளில் அறுவடை ஆலையை எட்டியது.

உள்நாட்டுச் சந்தை சரிந்தபின் குடும்பம் பிரிட்டனை நோக்கித் திரும்பியது. 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் ஒயின் விமர்சகர் மைக்கேல் பிராட்பென்ட் 1967ஆம் ஆண்டுச் சிவப்பு ஒயினைப் பெரிதும் பாராட்டினார்; அதுமுதல் முசார் உலகப் பெயரானது. ‘டிகாண்டர்’ ஒயின் இதழ் ஆண்டின் சிறந்த மனிதர் விருதை நிறுவியபோது, 1984இல் அதை முதலில் பெற்றவர் செர்ஜ்.

2006இல் தோட்டங்களுக்கு இயற்கை வேளாண் சான்று கிடைத்தது. 2014 டிசம்பர் 31 அன்று மெக்சிகோவில் கடலில் நீந்தும்போது செர்ஜ் இறந்தார். அடுத்த தலைமுறையினர் ஆலையை நடத்துகின்றனர். 1991 முதல் செர்ஜுடன் பணியாற்றிய தாரெக் சக்ர் அவர் வகுத்த முறையிலேயே தயாரிப்பைத் தொடர்ந்தார்.